எல்லாச் சத்தமும் வலப்பக்கம்

சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு முறிவு, ஈத்தை மூங்கிலை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி, அதன் பிறகு ஒன்றுமில்லை. அமலோற்பவம் நின்றாள். நின்றுகொண்டே கையை முதுகுப்பக்கம் நீட்டி விரல்களை விரித்தாள், நில்லுங்கள் என்று காலையில் ஜீப்பருகே சொல்லிக்கொடுத்த சைகை, ஆனால் இந்தப் பனிமூட்டத்தில் அந்தக் கையை யார் பார்த்திருப்பார்கள், பின்னால் வந்த நான்கு பேரில் முதல் ஆளின் மழைக்கோட்டு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. ஒருவர் மேல் ஒருவர் லேசாக முட்டிக்கொண்டு நின்றார்கள். வலப்பக்கம், என்றது மனம். அப்படியென்றால் இடப்பக்கம் இறங்கி ஓடையைப் பிடித்துவிட வேண்டும், கால்கூட அரை அடி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது, அப்புறம்தான் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஏழு மாதமாக அவளுக்கு எல்லாச் சத்தமும் வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. குக்கர் விசில் வலப்பக்கம். மாதா கோயில் மணி வலப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்து இருமுகிற ஆளின் இருமலும் வலப்பக்கம். இடது காது அவிந்துபோன நாளிலிருந்து உலகத்துக்கு ஒரு பக்கம்தான். முறிந்தது நிஜம், அதில் சந்தேகமில்லை, எங்கே முறிந்தது என்பதுதான் தெரியாது, தெரியாமலே அரை அடி நகர்ந்துவிட்டாள், நாலு பேரை இழுத்துக்கொண்டு நகர இருந்தாள்.

மணி பத்தரை இருக்கும். ஏறத் தொடங்கியபோது வெயில் அடித்தது, எதிர்மலையில் அருவிகூடத் தெரிந்தது, அரை மணி முன்பு வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தேயிலைக் காடு முடிகிற இடத்திலிருந்து புல்மேட்டைக் கடந்து சோலைக்குள் போய்த் திரும்பும் நாலு மணி நேர நடை, ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை, ஒன்பது வருஷமாக அவள் நடத்துகிறாள். இன்றைக்கு நாலு பேர். கோயம்புத்தூர்ப் பல் டாக்டர் கோபிநாத், அவர் மனைவி வைஜயந்தி, வாணியம்பாடியிலிருந்து பெரிய கேமராவோடு வந்த இம்தியாஸ், மதுரையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற சௌந்தரவல்லி அம்மா. அந்த அம்மா காலையிலிருந்து குறை சொல்லிக்கொண்டே வந்தார், ஜீப் குலுக்குகிறது, டீயில் சர்க்கரை அதிகம், இருவாச்சிப் பறவை வரும் என்று போட்டிருந்தீர்களே, எங்கே இருவாச்சி. வழக்கமாக வரிசையின் கடைசியில் வேலப்பன் நடப்பான், காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த காடர் ஆள், அவன் பின்னால் வந்தால் இவள் திரும்பியே பார்க்கமாட்டாள். அவனுடைய தங்கச்சி மகளுக்கு இன்றைக்குக் கீழே கல்யாணம். வேற நாளைக்கு மாத்திக்கலாம்க்கா என்றான். சொல்லியாச்சுடா, நாலே பேர்தான், நான் பாத்துக்கறேன் என்றாள் இவள். பாத்துக்கறேன். பார்க்க முடிகிற வரைக்கும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள், பார்க்கவும் முடியாமல் போகும் என்று நினைக்கவில்லை. மூட்டம் சோலைக்குள்ளிருந்து கிளம்பி, புல்லின் மேலே தவழ்ந்து, முதலில் செருப்பை மறைத்தது, பிறகு இடுப்பை, பிறகு ஆளையே.

ஏனென்றால் ஏழு மாதமாக அவள் கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கூட்டத்திலும் காது கூர்மையான ஓர் ஆள் இருப்பார், முதல் பத்து நிமிஷத்திலேயே அவரைக் கண்டுபிடித்துவிடுவாள், சத்தம் வந்ததும் அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதுதான் திசை. அங்க பாருங்க, சீகாரப் பூங்குருவி, என்று இவள் கையை நீட்டுவாள், அந்த ஆளே இவளை வியந்து பார்ப்பார். இன்றைக்கு வைஜயந்தி என்று பிடித்து வைத்திருந்தாள், அமைதியான பெண், தலையை நன்றாகத் திருப்புவாள், இப்போது அந்தத் தலையை மூட்டம் வாங்கிக்கொண்டுவிட்டது. ஒரு காலத்தில் இந்த மலையில் அவளுக்கு மேல் காது கிடையாது. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவளை குரங்கு ஆராய்ச்சிக்கு வந்த ஓர் அம்மா கூட்டிக்கொண்டதே அதற்காகத்தான், சோலைமந்தி எந்த மரத்தில் எதைக் கடிக்கிறது என்பதைக் கடிக்கிற சத்தத்தை வைத்தே சொல்வாள், பன்னிரண்டு வருஷம் அந்த வேலை, அதற்கப்புறம் இது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது இடது காதில் மழை பெய்வது போல ஓர் இரைச்சல், சாயங்காலம் அதுவும் நின்றுவிட்டது. குளிர் அடைத்திருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டாள். சனி ஞாயிறு ஆட்கள் வந்தார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள், பதினோராம் நாள்தான் பொள்ளாச்சிக்குப் போனாள். முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மருந்து குடுத்துப் பார்த்திருக்கலாம்மா, என்றார் அங்கே காது டாக்டர், சின்ன வயசுக்காரர், திட்டக்கூட இல்லை. என்ன வேலை பாக்கறீங்க என்று கேட்டார். எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறேன் என்று சொன்னாள். எதற்கு அந்தப் பொய். யாரென்றே தெரியாத மனுஷன், மறுபடி பார்க்கப் போவதுமில்லை, அவரிடம் எதற்கு. பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள், காது போனதை விட்டுவிட்டு அந்தப் பொய்யையே. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்பதாலா. வேலப்பன் ஒரு தடவை, ஏன்க்கா எப்பவும் என்னைச் சோத்துக்கைப் பக்கமே நிக்கச் சொல்றீங்க என்றான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

மறுபடி ஒரு சத்தம். இந்தத் தடவை முறிவு இல்லை, ஈரச் சாக்கை இழுப்பது போல ஒரு தேய்ப்பு, அதுவும் வலப்பக்கம், எல்லாம் வலப்பக்கம். பிறகு வாசனை. சாணமும் ஈரத்தோலும் நசுங்கிய இலையும் சேர்ந்த அந்த யானை வாசனை அவளுக்குத் தெரியாததா, காற்று இருந்தால் வாசனைக்குத் திசை இருக்கும், மூட்டத்தில் காற்று செத்துக் கிடந்தது, வாசனை எல்லாப் பக்கமும் சமமாக நின்றது. இடத்தை மனசில் வரைந்து பார்த்தாள். நிற்பது ஒற்றையடிப் பாதையில். வலப்பக்கம் ஏறினால் ஐம்பது அறுபது எட்டில் வழுக்குப் பாறை, சரிவான பாறை, யானை அதில் ஏறாது. இடப்பக்கம் இறங்கினால் ஈத்தைப் புதரும் ஓடையும், ஓடையோடே போனால் ரோடு. யானை வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் இறங்க வேண்டும். இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் ஏற வேண்டும். பேசாமல் நின்றால். நின்ற இடம் அதன் பாதையாக இருந்தால். ஈத்தை இருப்பது ஓடைப்பக்கம்தானே, ஆகவே முறிந்தது அங்கேதான், ஆனால் பாறைக்குப் பின்னாலும் ஒரு ஈத்தைப் புதர் இருக்கிறது, போன வருஷம் அங்கேயும் தின்றிருந்தன, இரண்டு நாள் முன்பு சாணம் கிடந்ததும் மேலேதான். இரண்டு நாள் என்பது யானைக்கு இரண்டு மலை. பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதியை வைத்துக்கொண்டு நாலு பேரை எந்தப் பக்கம் இழுப்பது. நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டது, அதுவும் வலக்காதில்தான், இது என்ன கூத்து, நெஞ்சு இருப்பது இடப்பக்கம்.

பிலோமினா. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று நினைக்கும்போதே பிலோமினா வந்துவிட்டாள், தலையில் மழைக்குக் கொங்காடிச் சாக்கு போட்டுக்கொண்டு, முதுகில் கொழுந்துக் கூடையோடு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு டிசம்பர் காலையில் பத்து எட்டு முன்னால் நடந்துகொண்டு. அன்றைக்கும் இதே வெள்ளை. பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போகும் வளைவில் அமலோற்பவத்தின் காதில் ஒரு மூச்சு விழுந்தது, மாட்டு மூச்சைவிட நீளமானது, அவள் நின்றாள். பிலோமினா நிற்கவில்லை, அவள் யாருக்கோ கேட்கிற மாதிரி தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். அமலோற்பவம் கத்தினாள். கத்தினாள் என்றுதான், யானை மிதித்துப்போட்ட உடம்பைத் தூக்க வந்த போலீஸிடம் சொன்னாள், பங்குச் சாமியாரிடம் சொன்னாள், பிலோமினாவின் அம்மாவிடமும் சொன்னாள், அவர்கள் எல்லாரும் நம்பினார்கள், நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த வளைவை நினைக்கும்போதெல்லாம் வாய் திறந்தது நினைவிருக்கிறது, தொண்டை இறுகியது நினைவிருக்கிறது, குரல் நினைவில்லை. குரல் வந்ததா. வந்திருந்தால் பிலோமினா திரும்பியிருப்பாளே, ஒரு நொடியாவது தலையைத் திருப்பியிருப்பாளே. ஒருவேளை வந்தது, அவள்தான் கேட்கவில்லை. ஒருவேளை, தான் நிற்பது யானைக்குத் தெரிந்துவிடும் என்று. அந்த ஒருவேளைக்கு மேல் அவள் இதுவரை போனதில்லை, அங்கே வந்ததும் மனம் வேறு பக்கம் போய்விடும், அடுப்பில் பால் இருக்கிறது, ஜீப்புக்கு டீசல் போட வேண்டும் என்று எதையாவது பிடித்துக்கொள்ளும். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வெள்ளைதான் இருக்கிறது. இப்போதும் தொண்டை இறுகித்தான் இருக்கிறது, அதே இடத்தில், அதே மாதிரி.

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும். காது கேட்காத வழிகாட்டி என்று ஊர் முழுக்கத் தெரியும், ஆட்கள் வரமாட்டார்கள், வரக் கூடாதுதானே, தன் மகள் இப்படி ஒருத்தி பின்னால் காட்டுக்குள் போனால் அவளே சும்மா விடுவாளா. மறுபடி கொழுந்துக் கூடையா, நாற்பத்தாறு வயசில். அதுகூடப் பெரிதில்லை. இந்தக் காட்டுக்குள் இனிமேல் தான் வெறும் ஆள் என்று சொல்ல வேண்டும், அவர்களைப் போல வந்து நிற்கிற இன்னொரு ஆள், அதைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. சொல்லாமல் போனால், தெரிந்த மாதிரி நடந்து வலப்பக்கமோ இடப்பக்கமோ போனால், பாதிக்குப் பாதி சரியாகவே போகும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, இருவாச்சி வரவில்லை என்ற குறையோடு ஊருக்குப் போவார்கள். பாதி. மீதிப் பாதியில் மஞ்சள் மழைக்கோட்டு. பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள், என்ன என்று புரியவில்லை, அவளிடம் கேட்கிறார்களா அவர்களுக்குள் பேசுகிறார்களா, அதுவும் தெரியவில்லை. அவள் திரும்பினாள். ஓர் எட்டு பின்னால் வைத்து மஞ்சள் மழைக்கோட்டின் கையைப் பிடித்தாள், அது இம்தியாஸ், அவன் கை அவளுடையதைவிடக் குளிர்ந்திருந்தது. எல்லாரும் கிட்ட வாங்க, என்றாள். குரல் வந்தது. அவளுக்கே அது யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

நாலு முகங்களும் மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. "மெதுவாப் பேசுங்க. பக்கத்துல யானை இருக்கு," என்றாள். "எனக்கு ஒரு காது கேக்காது. இடது காது. சத்தம் கேக்குது, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்." அடுத்த இரண்டு நொடியில் அவள் எதிர்பார்த்ததெல்லாம் டாக்டர் கோபிநாத்தின் முகத்தில் வந்து போனது, முதலில் புரியாமை, பிறகு பயம், அதற்கப்புறம் கோபம். "இதை இப்பவா சொல்றீங்க," என்றார். "ஆமா சார்," என்றாள். வைஜயந்தி, இடப்பக்கம்னு தோணுச்சு, ஆனா உறுதியா இல்ல, என்று உதட்டை மட்டும் அசைத்த மாதிரி சொன்னாள். இம்தியாஸ் முன்னால் என்றான், உடனே இல்லை என்று தலையாட்டினான். இதற்குத்தானா சொன்னாள், அவர்களுக்கும் தெரியாது, இப்போது எல்லாருக்கும் சேர்த்துத் தெரியாது. அப்போது சௌந்தரவல்லி அம்மா அவள் கையைத் தட்டினார். கண்ணை மூடியிருந்தார். "ரெண்டு சத்தம்," என்றார். "முதல் சத்தம் இடது கைப்பக்கம், கீழே, தண்ணிச் சத்தத்துக்குக் கிட்டக்க. ரெண்டாவது நாம வந்த பாதையில, பின்னாடி. இப்ப அது அசையுது." எப்படிம்மா இவ்வளவு உறுதியா என்று டாக்டர் முணுமுணுத்தார். "போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டே எந்த பெஞ்சுல பேச்சுன்னு சொல்லுவேன் சார். முப்பத்தஞ்சு வருஷம்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே, அதிலும் கொஞ்சம் குறை சொல்கிற தொனி இருந்தது.

அப்படியென்றால் மேலே. அமலோற்பவம் யோசிக்கவில்லை, யோசித்தால் மறுபடி வலப்பக்கம் என்று காது சொல்லும், வலப்பக்கத்தில்தான் யானை இருக்கிறது, நீ நேராக அதன் மேலேயே போகிறாய் என்று சொல்லும், சொல்லிக்கொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லியது. தன் காதுக்கு எதிராக நடப்பது என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, கண் பார்க்கிற தீக்குள் காலை வைக்கிற மாதிரி. ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சௌந்தரவல்லி அம்மாவை மட்டும் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், அவர் மூச்சிரைத்தார், புல் ஈரத்தில் இரண்டு தடவை முழங்காலில் விழுந்தார், விழுந்தபோதும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முப்பது எட்டு. இங்கே முன்னால் ஒரு கறுப்பு நின்றது, அவளும் நின்றாள், அது மரம், மின்னல் விழுந்த பழைய மரம், இருபது வருஷமாகத் தெரிந்த மரம். நாற்பது. அம்பது. கையில் பாறை தட்டியபோது அதன் குளிரைத் தொட்டுக்கொண்டு ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு ஒவ்வொருவராக மேலே தள்ளி ஏற்றினாள், கடைசியாக அவள் ஏறினாள், ஏறும்போது முதுகு முழுக்கக் காதாக இருந்தது, ஒன்றும் கேட்காத காது.

பாறை மேல் குந்தியிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது இம்தியாஸ் முக்கால் மணி என்றான், அவளுக்கு அது ஒரு பொழுது மாதிரி இருந்தது. சௌந்தரவல்லி அம்மா அவ்வப்போது அவள் கையைத் தொட்டு விரலால் திசை காட்டினார், இப்ப அங்க, இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம், அந்த விரலைத் தொடர்ந்து அவள் வெள்ளையைப் பார்த்தாள். ஒரு தடவை காற்று வந்து மூட்டத்தில் ஒரு கிழிசல் விழுந்தது, சின்னக் கிழிசல், ஒரு கதவு அகலம். அதில் பாதை தெரிந்தது. அவர்கள் நின்றிருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெண் யானை நின்றது, அதன் வயிற்றடியில் குட்டி, குட்டிக்குப் பின்னால் இன்னொன்றின் தும்பிக்கை மட்டும். அவை ஓடைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. ஓடைக்குள்ளிருந்து பதிலுக்கு ஓர் உறுமல் எழுந்தது, தரையே உறுமியது போல அது பாறை வழியாக அவர்கள் உடம்புக்குள் வந்தது, அதை அவளும் கேட்டாள், காதால் இல்லாவிட்டாலும். இடப்பக்கம் இறங்கியிருந்தால் முன்னாலும் பின்னாலும் அவைதான், நடுவில் இவர்கள் ஐந்து பேர். இம்தியாஸ் கழுத்தில் கேமரா தொங்கியது, அவன் அதைத் தொடவே இல்லை. கிழிசல் மூடிக்கொண்டது. வைஜயந்தி அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், வாயைத் துப்பட்டாவால் அமுக்கிக்கொண்டு.

வெயில் வந்து, புல் பச்சையாகி, ஓடைப்பக்கம் வெகுநேரம் அமைதியாக இருந்த பிறகுதான் இறங்கினார்கள். ஜீப்பருகே டாக்டர் அவளைத் தனியாக அழைத்தார், தனியாக என்றால் நாலு எட்டு தள்ளி, எல்லாருக்கும் கேட்டது. "உங்களைத் திட்டணும்னு இல்லை," என்றார். "என் மனைவி அங்கே இருந்தா. நீங்க காலையில சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். அதைத் தீர்மானிக்க வேண்டியது நான்." ஆமா சார், என்றாள் அவள். அவர் சொன்னதில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை. சௌந்தரவல்லி அம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டு, முழங்கால் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தபடி, "எனக்கு ஒரு வாய் தண்ணி குடும்மா, சர்க்கரை போடாத டீ இருந்தா அதையும் குடு," என்றார்.

ரோட்டுக்கு வருகிற வரை அவள் ஜீப்பை மெதுவாக ஓட்டினாள். எஸ்டேட் ஆஸ்பத்திரி வளைவில் ஓரங்கட்டினாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வருகிறார்கள், திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், ஏற்கெனவே ஒரு தடவை வந்துபோன கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். பயம் குறையவில்லை. இது வேறு பயம், மூட்டமும் வாசனையும் இல்லாத, நல்ல வெயிலில் உட்கார்ந்துகொண்டு படுகிற பயம். போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். எனக்கு இடது காது கேட்காது. சத்தம் எந்தத் திசையில் என்று எனக்குத் தெரியாது. வேலப்பன் கூட இருந்தால் மட்டும்தான் இனிமேல் நடை. இதைத் தெரிந்துகொண்டு வர விருப்பமிருந்தால் வாருங்கள், இல்லாவிட்டாலும் சரி. திருச்சிக்காரர்களுக்கு அனுப்பினாள், மாணவர்களுக்கு அனுப்பினாள், அதையே வேலப்பனுக்கும் அனுப்பினாள், கல்யாண வீட்டில் அவன் பந்தியில் நின்றுகொண்டிருப்பான். சிக்னல் இல்லை. மூன்றும் அனுப்பப்படாமல் அப்படியே தொங்கின. இன்னும் அழித்துவிடலாம், அழித்தால் யாருக்கும் தெரியாது, அழிக்கிற இடத்தில் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனை மடியில் போட்டுவிட்டு கியரைப் போட்டாள், கீழே சந்தைப் பக்கம் டவர் கிடைக்கும், ஜீப் இறங்கத் தொடங்கியது, அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள், டவர் கிடைத்துச் செய்தி போனதும் மடியில் போன் ஒரு தடவை அதிர்ந்தது, இன்னொரு தடவை, அதன்பிறகு இன்னொரு தடவை.